ஒரு தட்டு என்றால் நில்

இது நடந்தது. கானா நாட்டுக் குமாசியில், எங்கள் வீட்டு முற்றத்தில், போன ஜூன் மாதம். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நடந்ததில் கோணல் இல்லை. பேயாவது பிசாசாவது என்று எனக்குப் பாடம் நடத்த வருகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டு வரட்டும்.

என் பெயர் செர்வா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். வாங்கி என்ன? ஊரின் லாரிப் பட்டறைகளெல்லாம் இருக்கும் சுவாமேயில் வேலை கேட்டுப் போனால், டார்ச் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒருவன் என் விரல்களைப் பார்த்துவிட்டு, "கிரீஸ் கைக்கு எவன்க்கா மோதிரம் போடுவான்?" என்றான்.

அதனால்தான் அப்பா அந்த லாரியை இழுத்துக்கொண்டு வந்தபோது நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். அறுபதுகளின் பிரிட்டிஷ் லாரி. இரும்பு முகம், மரப்பலகை உடம்பு. அப்பா அஜேய் சொந்தமாக வைத்துப் பதினோரு வருஷம் ஓட்டிய வண்டி. அதன்பின் ஒரு கோகோ கிடங்குக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. தரைப்பலகை வழியாகச் செடி முளைத்திருந்தது. நெற்றிப் பலகையில் பெரிய மஞ்சள் எழுத்தில் 'இன்னும்' என்று ஒரே ஒரு சொல்.

அப்பாவுக்கு அதில் ஒரு முறை, ஊர் பார்க்க, சர்ச்சுக்குப் போக வேண்டும். எனக்கு அது சுவாமே வழியாகப் போக வேண்டும். நான் போட்ட பிரேக்கில், அந்தச் சிரிப்புக்காரர்கள் முன்னால் நிற்க வேண்டும்.

அம்மா மட்டும் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சமைக்கும்போது முக்காலியைத் திருப்பிப் போட்டு, லாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

இன்ஜினைக் கழற்றி ஓரமாக வைத்தேன். கம்பி பிரஷ் போட்டுத் துருவைச் சுரண்டினேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு முக்கோணக் கட்டை கிடைத்தது. கிளீனரின் கட்டை. ஏற்றத்தில் லாரி மூச்சு வாங்கி நின்றால், கிளீனர் குதித்து ஓடிப் பின் சக்கரத்தின் அடியில் அதைச் செருகுவான்.

"அத அடுப்புல போடு" என்றார் அப்பா.

நான் போடவில்லை. எங்கள் முற்றம் வாசலைப் பார்த்துச் சரிவு. லாரியின் பின்பக்கம் வாசலை நோக்கி நின்றது. சக்கரத்துக்கு அண்டை கொடுத்த செங்கல்லெல்லாம் நொறுங்கிவிட்டது. கட்டையோ இரும்பு மாதிரி இருந்தது. பின் சக்கரத்துக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலை, பலகையில் நான் பூசிய சிவப்பு பிரைமரில் ஒரு கைத்தடம்.

இடது கை. எங்கள் ஊரில் இடது கையால் யாருக்கும் எதையும் நீட்ட மாட்டோம். கையசைத்தால்கூடக் குழந்தைக்கு அடி விழும். எங்கள் வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர்களின் பிள்ளைகள் செய்த குறும்பு என்று கத்தித் தீர்த்தேன். மேலே பூசினேன். மறுநாளும் இருந்தது. அதே இடது கை. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில். மண்ணில் படுத்துக்கொண்டு அடித்தால்தான் அங்கே பதியும். பிள்ளைகளின் கை அவ்வளவு பெரிதும் இல்லை.

பிறகு சத்தம். சாயங்காலம் பக்கத்து வீட்டில் வேகவைத்த கிழங்கை உரலில் போட்டு ஃபுஃபு இடிப்பார்கள். அந்த இடிக்கு நடுவில் வேறொன்று. பலகையில் உள்ளங்கை விழும் சத்தம்.

தட்.

இடி நின்ற பிறகும் கேட்டது. ஒரே ஒன்று. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக... எடுத்தார்.

டிரைவர் பழக்கம் என்று நினைத்தேன்.

அந்த வாரம் இரண்டு முறை கட்டை இடம் மாறியது. காலையில் பார்த்தால் அப்பாவின் அறை வாசலில் கிடந்தது, ஈரமாக. என்னைப் பயமுறுத்தியது அதுகூட இல்லை. கட்டையும் இல்லாமல், பிரேக்கும் இல்லாமல், அந்தச் சரிவில் லாரி ஓர் அங்குலம்கூட உருளவில்லை. படித்தவள் நான். அது முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் இல்லை. சாயங்காலம் ஆறு நாற்பது. மழை கறுத்துக்கொண்டு வந்தது. பிரேக் குழாயில் காற்று எடுக்கும் வேலை மட்டும் பாக்கி. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதிக்க, ஒருவர் கீழே சக்கரத்தடியில் நட்டைத் திறந்து மூட.

"ஒரு தட்டுன்னா நில்லு. மிதிச்சுப் புடிப்பேன். ரெண்டுன்னா போ. விட்டுருவேன்" என்றார் அப்பா. "கிளீனருங்க பாஷை. படிச்சுக்க, இன்ஜினியரம்மா."

அவர் மேலே ஏறினார். நான் கீழே படுத்தேன். ஒரு தட்டு, மிதித்தார். இரண்டு தட்டு, விட்டார். ஒவ்வொரு சக்கரமாக முடிந்தது. பெடல் கல் மாதிரி நிற்கிறது என்று மேலிருந்து சொன்னார். அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

மழை விழுந்தது. தகரக் கூரையில் காது அடைக்கும் சத்தம்.

கடைசியாக ஒரு தட்டுத் தட்டினேன். அவர் மிதித்துப் பிடித்திருந்தார். நட்டை இறுக்கினேன். ஸ்பேனர் நழுவிச் சக்கரத்துக்குப் பின்னால் விழுந்தது. வலது கையை நீட்டித் துழாவினேன்.

வெறும் மண்.

கட்டை அங்கேதான் இருக்க வேண்டும்.

கட்டை இல்லை...

தட். தட்.

நான் தட்டவில்லை.

மேலே பெடல் விடுபட்டது. சக்கரம் உருண்டது. என் விரல்களின் மேல்.

கத்தினேன். மழை விழுங்கியது. இடது கையால் பலகையில் அடித்தேன்.

தட்.

நின்றது.

நான் போட்ட பிரேக். பிடித்தது. அசையாமல் பிடித்தது. என் கை உள்ளே இருந்தது. காத்திருந்தேன். இறங்கி வருவார்...

வரவில்லை.

பெடல் ஸ்பிரிங் மெல்ல முனகியது.

காலை எடுத்தார்.

சக்கரம் மணிக்கட்டில் ஏறியது. முழங்கையில் ஏறியது. அடுத்தது என் தலை.

அப்போது கட்டை வந்தது. சேற்றில் வழுக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல். அதைத் தள்ளியது ஒரு இடது கை.

என்னுடையது இல்லை. என் இடது கை பலகையில் இருந்தது.

லாரி நின்றது.

வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். அந்த லாரியின் கிளீனர் பெயர் அசாரே. மாம்போங் ஏற்றத்தில், ஒரு ராத்திரி, கட்டை போடும்போது அவனுடைய வலது கை சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. இடது கையால் ஒரு தட்டுத் தட்டினான். அப்பா நிறுத்தினார். பிறகு காலை எடுத்தார்.

போலீஸிடம் பிரேக் போய்விட்டது என்றார். அசாரேயின் சாவை அவரே முன்நின்று நடத்தினார். எங்கள் சாவு வழக்கப்படி கறுப்பும் சிவப்பும் உடுத்தி ஆடினார். எப்பேர்ப்பட்ட முதலாளி என்று ஊர் மெச்சியது. அம்மாவிடம் மட்டும், குடித்திருந்த ஒரு நாள், உண்மையைச் சொன்னாராம்.

"செத்தா ஒரு சாவோட போச்சு, கையில்லாதவனுக்கு ஆயுசுக்கும் எவன் சோறு போடறதுன்னாரு" என்றாள் அம்மா.

இத்தனை வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டவள் சொல்கிறாள்.

இரண்டு தட்டுத் தட்டியவன் எதற்குக் கட்டையைப் போட்டான்? போட நினைத்தவன் ஏன் முழங்கை போகும்வரை காத்திருந்தான்? எனக்குத் தெரியாது. யாராவது விளக்கம் சொல்ல வந்தால் அடிப்பேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்தார். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"ஒரு தட்டு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் காலை எடுத்தீங்க?"

கட்டுப் போட்ட இடத்தின் மேல் போர்வையை இழுத்து மூடினார்.

"அசாரேன்னு நெனச்சேன்" என்றார்.