சீசரின் இடப்பக்கம்

நாய்க்கு வீடு தேடித்தரும் வேலையில் நாயைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. பயமெல்லாம் படிவத்தைப் பார்த்துத்தான்.

கொச்சி மட்டாஞ்சேரியில், ஆதரவில்லாத நாய்களை வைத்துப் பராமரித்துத் தத்துக் கொடுக்கும் சின்னக் காப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நாய் கேட்டு வருகிறவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, கேள்வி கேட்டு, நாலு பக்கப் படிவத்தை நிரப்பி, அடியில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறார். மகள் கையெழுத்துப் போடும் வேலையில் இருக்கிறாள் என்று அவருக்குப் பெருமை. எனக்கோ, அந்தக் கையெழுத்துக்கு மேலே எழுதியதெல்லாம் உண்மைதானா என்று பஸ் ஏறியதிலிருந்து இறங்கும்வரை யோசனை. வீடு வீடாய்ப் படியேறிப் படிவம் நிரப்புகிற வேலை உங்களுக்கும் வாய்த்திருந்தால், நான் சொல்வது புரியும்.

எப்படிப்பட்ட நாய் வேண்டும்?

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டிலிருந்து வருகிறவர்கள் லாப்ரடார்தான் கேட்பார்கள். அதுவும் குட்டியாக வேண்டும். குட்டி என்றால் செருப்பைத் தின்னும், விளையாட்டில் பிள்ளையின் கையைக் கடிக்கும், பெரியதாகி எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்பேன். "வளர்ந்த நாயை எடுங்க. அதோட குணம் தெரிஞ்சது. புதுசா ஒண்ணும் வராது." சீசர் என்ற நாய் வருவதற்கு முன்னால் இதை மிகவும் தைரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வயது மகனைத் தோளில் வைத்திருந்த ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கொச்சுப் பிள்ளை வாலைப் பிடிச்சு இழுத்தா சும்மா இருக்கணும். கள்ளன் வந்தா சும்மா இருக்கக் கூடாது. ரெண்டையும் எழுதிக்கோ மோளே."

பொம்மைத் தேர்வு

சீசர் வெளிர்மஞ்சள் நிற லாப்ரடார், ஆறு வயது. வெளிநாட்டுக்குக் குடிபோகிறோம் என்று சுள்ளிக்கல்லிலிருந்து ஒருவர் கொண்டுவந்து விட்டார். 'இந்த நாய் குழந்தைகளோடு வாழ்ந்திருக்கிறதா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினார். அப்படிப்பட்ட நாயை முதலில் நிஜக் குழந்தையிடம் விடமாட்டோம். மூன்று வயதுப் பிள்ளையின் உயரத்தில் கவுன் போட்ட துணிப்பொம்மை ஒன்று இருக்கிறது. அதைத் தோளில் பிடித்து நடத்திக்கொண்டு வருவோம். சில நாய்கள் குரைக்கும், சில நக்கும். ஒரு நாய் பொம்மையின் கையைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது.

சீசர் பொம்மையை ஒரே ஒரு தடவை முகர்ந்தது. பிறகு அதைத் தாண்டி வெறும் மூலையைப் பார்த்தது. வால் தாழ்வாக, மெதுவாக ஆடியது. மூலைக்குப் போய், சுவருக்கும் தனக்கும் இடையில் ஒரு முழம் இடம் விட்டு, தலையை இடப்பக்கம் சற்றே சாய்த்து அசையாமல் நின்றது. குழந்தை காதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பொறுமையான நாய்கள் அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

'பொம்மையிடம் சாதுவாக நடந்துகொண்டது' என்று எழுதினேன். அது பொய்யில்லை. நாய்களைக் கையாளும் ஜோமோன் சேட்டன் பொம்மையை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "பொம்மை அவனுக்கு வேண்டாம் மோளே. மூலையில நின்னதைத்தான் பிடிச்சிருக்கு."

தோப்பும்படியில் ஆறு நாள்

முதலில் கேட்டு வந்தது தோப்பும்படி அடுக்குமாடியில் இருக்கும் ஒரு தம்பதி. இருவருக்கும் வங்கி வேலை, நாலு வயது மகள் அம்மு. வழக்கமான விதிகளைச் சொன்னேன். பத்து நாள் வைத்துப் பாருங்கள், நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பிள்ளை தொடக் கூடாது, இரண்டையும் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். ஐந்தாம் நாள் அம்முவின் அம்மா கூப்பிட்டு, "ஒண்ணுமில்லை, ஒரு தடவை வந்து பாருங்க" என்றார். ஒன்றுமில்லை என்று கூப்பிடுகிறவர்களிடம்தான் நான் ஓடுவேன்.

சாயங்காலம் கீழே நடக்கக் கூட்டிக்கொண்டு போனோம். லாப்ரடார் நம்மை இழுத்துக்கொண்டு போகும் ஜாதி. சீசரோ நாலடி வைத்து நின்றது, மறுபடி நாலடி வைத்து நின்றது. அம்மு அதன் வலப்பக்கம் நடந்தாள். அந்தப் பக்கம் கார் வந்ததால், இடப்பக்கம் வா என்று அவள் அம்மா கூப்பிட்டார். அம்மு வரவில்லை. நான் குனிந்து, ஏன் என்று கேட்டேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்குச் சொல்வோமே, அதே சாதாரணக் குரலில் சொன்னாள்: "அங்கே ஆளுண்டு சேச்சி."

எழுதாமல் விட்ட கட்டம்

மறுநாள் சீசர் திரும்பி வந்தது. 'திருப்பி அனுப்பிய காரணம்' என்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் மேனேஜர் மேடம் கேட்டார். "கடிச்சுதா? உறுமிச்சா? இல்லையில்ல? நாலு வயசுப் பிள்ளை சொன்னதையெல்லாம் எழுதிவெச்சா யாரு எடுப்பா? இன்னொரு தடவை திரும்பி வந்தா குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு இதைக் காட்ட முடியாது. வெலிங்டன் தீவுல ஒரு குடோன்காரர் காவலுக்குக் கேட்டிருக்கார்." குடோன் என்றால் சங்கிலி. நான் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினேன். எனக்கு வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது வீடு இடக்கொச்சியில். இறால் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் தமிழர், இரண்டு பையன்கள், மாடி வீடு. ஏழாம் நாள் அவரே சீசரைக் கூட்டிக்கொண்டு வந்து, போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். சீசர் மாடிப்படியில் இறங்குகிறது. ஒரு படி இறங்கி, நின்று, இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறது. ஒரு படியில் இரண்டு காலையும் வைத்த பிறகே அடுத்த படிக்குப் போகும் குழந்தைக்காக நாம் காத்திருப்போமே, அவ்வளவு நேரம். பிறகு அடுத்த படி. பதினாறு படிகளும் அப்படியே. படியில் வேறு யாருமில்லை. பையன்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரமாம்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முந்தி எடுத்தவங்களும் இதையேதான் சொன்னாங்களா? தெரிஞ்சேதான் எங்க பிள்ளைங்ககிட்ட விட்டியாம்மா?"

சுள்ளிக்கல்

மேடம் குடோன்காரரிடம் பேசுவதற்குள் எனக்கு ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். பழைய சொந்தக்காரரின் போன் எடுபடவில்லை. படிவத்திலிருந்த முகவரியைத் தேடிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டுச் சேச்சி உட்காரவைத்துச் சாயா கொடுத்தார். அந்த வீட்டில் குழந்தை இருந்ததா, எப்போதாவது வந்து தங்கியதா, ஏதாவது நடந்ததா என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். பதினோரு வருஷம் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான், விருந்தாளிகூட வந்ததில்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது. படிவத்தில் பழைய சொந்தக்காரர் எழுதியது உண்மை.

நான் எழுந்து வாசலுக்கு வந்த பிறகுதான் சேச்சி சேர்த்துச் சொன்னார்: "ஆனா மோளே, சாயங்காலம் அந்த ஆளு நாயைக் கூட்டிட்டு நடக்கறப்போ ரெண்டு பேரும் மெல்லத்தான் நடப்பாங்க. நடுவுல ஒரு ஆளுக்கு இடம் விட்டு."

ராணி அக்கா

அந்த வாரம் முடிய ஒரு நாள் இருக்கும்போது ராணி அக்கா வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தவர், ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். எட்டு, ஆறு, மூன்று வயதில் மூன்று பிள்ளைகள். பெரிய நாய், சாதுவான நாய், சீக்கிரம் வேண்டும் என்றார்.

இந்தத் தடவை முதலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பொம்மை, அம்மு, மாடிப்படி, சுள்ளிக்கல் சேச்சி. சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வாக்கியத்திலும் சீசரின் கழுத்தில் சங்கிலியை நானே மாட்டுவதுபோல இருந்தது. இருந்தாலும் மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீடு. மறுபடி அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

"கடிக்குமா?" என்றார்.

"இதுவரை இல்லைக்கா."

"பிள்ளை கையிலிருந்து பிஸ்கட்டைப் பறிக்குமா?"

"கீழே விழுந்தாத்தான் எடுக்கும்."

"எங்கே, நடக்கவிடு பாப்போம்."

முற்றத்தில் நடத்தினோம். நாலடி, நிற்பது, நாலடி. ராணி அக்காவோடு வந்திருந்த கடைக்குட்டி அவர் கையை உதறிவிட்டு ஓடினான். இடப்பக்கமாகத்தான் போனான். அங்கே போய்ச் சட்டென்று நின்று, எதையோ சுற்றிக்கொண்டு வந்து, வலப்பக்கம் சேர்ந்து நடந்தான். யாரும் அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஜோமோன் சேட்டன் சிலுவை போட்டுக்கொண்டார்.

ராணி அக்கா இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படிவத்தை என் கையிலிருந்து வாங்கினார். "மூணைப் பெத்து மேய்க்கிறேன், வேன்ல பதினேழு வேற. கூட ஒண்ணு, அதுவும் சோறு கேக்காது, சண்டை போடாதுன்னா எனக்கு என்ன கஷ்டம்? நாயை இப்படி நடக்கப் பழக்கினது எதுவோ, அது நல்லபடியாத்தான் பழக்கியிருக்கு. எங்கே கையெழுத்து?"

ஒரு மாதம் கழித்து

தத்துக் கொடுத்த வீட்டை ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பது விதி. காலை எட்டுக்குப் போனேன். சீசர் கொஞ்சம் எடை போட்டிருந்தது. பிள்ளைகள் வேனில் ஏறுவதைப் படியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ராணி அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினார். மூன்றாவது பிள்ளையும் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவர் கதவைச் சாத்தவில்லை. தெருவில் பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். சீசரின் வால் தாழ்வாக, மெதுவாக ஆடி நின்றது. அதன் பிறகுதான் கதவைச் சாத்தினார்.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கொஞ்சம் வெட்கப்பட்டாற்போலச் சிரித்தார். "விரல் நசுங்கிடக் கூடாதுல்ல."

படிவத்தில் 'வீட்டில் எத்தனை குழந்தைகள்?' என்ற கட்டத்தில் மூன்று என்றுதான் எழுதினேன், அது உண்மை. ஆனால் இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு எழுதினேன்.