படிவத்தில் இல்லாத பெட்டிக்கடை

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். தொண்ணூறுகளின் நடுவில், பட்டம் வாங்கிய கையோடு ஒரு ஆய்வில் கள வேலை கிடைத்தது. அடுத்தவர் விடும் பீடி, சிகரெட் புகையால் சைனஸ் நோய் வருமா என்று பார்க்கிற ஆய்வு. கேள்விகளை அச்சுக்குக் கொடுக்கும் முன், மயிலாப்பூர்க் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் ஆட்களைக் கூட்டி, படித்துக் காட்டி, எதை மாற்றலாம் என்று அவர்களிடமே கேட்டு வரச் சொன்னார் ஆய்வை நடத்திய டாக்டரம்மா. பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து நாள் குறித்தேன். காலை பத்து மணி. அந்த நேரத்தில் பெண்கள் மீன் கூடையோடு தெருத்தெருவாகப் போயிருப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கடலிலிருந்து திரும்பிய ஆண்கள் பதினைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் வாயில் பீடி.

"எல்லாம் கரீட்டாத்தான் கீது, நைனா" என்றார் ஒருவர்.

முதலில் கையில் இருப்பதை அணைத்துவிட்டுச் சொல் என்று பக்கத்தில் இருந்தவர் அவரைக் கிண்டல் செய்தார். சிரித்துக் கலைந்தோம். 'ஊர் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்' என்று அறிக்கை எழுதினேன். பெண்கள் வரவில்லை என்பதை எழுதவில்லை.

படிவம் அச்சாகி வந்தது. அதே குப்பத்தில் ஒரு மாலை, மீன் விற்கும் ஒரு அக்காவின் வீட்டுக்குப் போனேன். குனிந்தால் நெற்றி வெடிக்கிற மாதிரி வலி, மூக்கடைப்பு; மூன்று வருஷமாக. வீட்டில் யாராவது புகைப்பார்களா என்று கேட்டேன். கணவர் உயிரோடு இல்லை, மகன் பீடியைத் தொடுவதில்லை என்றார். 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்தேன்.

அவர் என் பேனாவையே பார்த்தார்.

"வூட்ட வுடு நைனா. நான் கூடைய வெச்சிக்கினு உக்கார்றது பெட்டிக்கடையாண்ட. பத்த வெக்கிற கயிறு என் தலைக்கு மேலதான் பொகஞ்சிக்கினு தொங்குது. வர்றவன் போறவன்லாம் என் மூஞ்சிலதான் ஊதறான். அத்த கேக்க மாட்டியா?"

அதற்குக் கட்டம் இல்லை என்றேன்.

"அப்போ ஓரமா எழுதிக்கோ."

ஓரத்தில் எழுதினால், கூட்டத்தில் இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று டாக்டரம்மா கேட்பார். ஒரு பெண்கூட வரவில்லை என்பது தெரிந்துவிடும். கிடைத்த வேலை போய்விடுமோ என்று பயந்தேன். தலையை ஆட்டிவிட்டு, எழுதாமல் அடுத்த வீட்டுக்குப் போனேன்.

வலியும் இருந்து, புகைக்கு 'ஆம்' என்றும் டிக் விழுந்தவர்களை மட்டும்தான் மூக்குப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்தார்கள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் டாக்டரம்மா திட்டியிருப்பார், பிறகு கேள்வியை மாற்றியிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். அது இப்போது தெரிகிறது.

அந்த அக்கா பெட்டிக்கடை ஓரத்தில் இரண்டு முறை என்னை நிறுத்தி, ஆஸ்பத்திரிக்குத் தன்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டார். சீக்கிரம் என்றேன், இரண்டு முறையும். அதற்குப் பிறகு சைக்கிளை அடுத்த தெரு வழியாகவே ஓட்டினேன்.