துடைப்பக் குச்சிக் கம்மல்

இன்று கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த செல்விக்குக் காது வீங்கி, சீழ் வடிந்துகொண்டிருந்தது. என் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிற திருநெல்வேலிப் பெண். போன வாரம்தான் சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் இரண்டாவது ஓட்டை குத்திக்கொண்டாள். அதில் கம்மலுக்குப் பதில் துடைப்பக் குச்சி.

"இன்னாடி இது?"

"உள்ள மெட்டல் எதுவும் ஆவாதுன்னு கேட்லயே கம்மல கழத்தச் சொல்லுதாவக்கா. சும்மா விட்டா ஓட்ட தூந்துரும்லா?"

"ஆஸ்பத்திரிக்குப் போவலாம்ல?"

"லீவு கேட்டேன். காதாலயா வேல பாக்குறன்னு கேக்காரு சூப்பர்வைசர்."

முதலில் அந்தக் குச்சியைப் பிடுங்கி எறி என்று கத்தினேன்.

பின் சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "அதுக்குத்தான்க்கா நான் தீக்குச்சி சொருகிகினு கீறேன்."

அவள் காதும் சிவந்துதான் இருந்தது.

எங்கள் பஸ்ஸில் வைத்தியம் இவ்வளவுதான். உங்கள் பஸ்ஸில் என்ன குச்சி?