வாக்காளர் இல்லாத தேர்தலில் அப்பா

எங்கள் அப்பாவை நினைத்து இந்த ஓராண்டு நிறைவு நாளில் கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நினைவு மலருக்கு மகளின் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சித்தப்பா சொன்னதிலிருந்து எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். துக்கத்தோடு உட்கார்ந்தாலும் அப்பாவின் தேர்தல் கதைதான் வருகிறது. நினைவு மலரில் சிரிப்பு வரலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அந்த மனுசன் பண்ணதை எழுதினா சிரிப்புதான் வரும். எழுது" என்றார். ஆகவே எழுதுகிறேன். தவறாகப் பட்டால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா திருவதிகையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா சீக்கிரமே காலமானதால் படிப்பைப் பாதியில் விட்டு, நாங்கள் மைன்ஸ் என்று சொல்லும் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தார். பர்மனெண்ட் ஆகும்வரை பட்ட பாட்டை அவர் அதிகம் சொன்னதில்லை. நான் வளர்ந்தது கம்பெனி குவார்ட்டர்ஸில். ஓய்வு பெற்றதும் மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டினார். அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் வார்டு கவுன்சிலரும் ஆனார். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தடியில் நாற்காலி போட்டு, லைன்மேன் வரும்வரை உட்கார்ந்திருப்பார்.

எதிர் வீட்டுச் சந்திரா அக்காவின் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. சர்க்கரை நோயை மறைத்துப் பாலிசி எடுத்தார் என்று சொல்லி, காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. தமக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரியவந்தது. பணம் வராவிட்டால் அவர்களுக்கு வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை. அப்பா கிளை அலுவலகத்துக்குப் போனார். "கவுன்சிலர் கேட்டா நாங்க பதில் சொல்லணும்னு இல்ல சார். எங்களைக் கேள்வி கேக்க மாநிலத்துல ஒழுங்குமுறைக் குழு இருக்கு" என்றார் மேலாளர்.

கொஞ்ச நாளில், அந்தக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கான இடம் காலியாக இருப்பதாகச் செய்தி வந்தது. விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மைன்ஸில் வேலை பார்த்தவர்களுக்கு எந்தப் பதவியும் சங்கத் தேர்தல்தான். ஷிப்ட் முடியும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே வாயிற்கூட்டம் போடாமல் ஒருவர் எப்படிப் பதவிக்கு வர முடியும்? அப்பா போட்டார். மளிகைக் கடை காதர் பாய் மைக் செட் கொடுத்தார். குடைதான் சின்னம் என்று முடிவு செய்தவரும் அவரே.

"ஓட்டு என்னைக்குண்ணே?" என்று ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர் கேட்டார்.

"ஓட்டு கிடையாதுப்பா. அவங்களா ஒருத்தரை எடுப்பாங்க" என்றார் அப்பா.

"அப்ப எங்ககிட்ட என்னாத்துக்குப் பேசிக்கினு இருக்கீங்க?"

"உங்களைக் கேக்காம நான் எப்பிடிப் போறது?"

"எதிர்த்து யாரு நிக்கிறாங்க?"

"தெரியலப்பா."

"அப்ப ஜெயிச்சிடுவீங்க."

கிளைமை மறுத்தால், ஆளை நேரில் கூப்பிட்டுக் காரணத்தைத் தமிழில் சொல்ல வேண்டும் என்பதே அப்பாவின் ஒரே கோரிக்கை. கைதட்டல் பலமாக இருந்தது. வீட்டில் அம்மா, "ஓட்டே இல்லாத எலெக்சனுக்கு ஊரெல்லாம் சுத்திக்கினு இருக்காரு. அந்தக் கொடையாவது வெயிலுக்கு ஆவுதே" என்றார்.

சென்னை நேர்காணலுக்குக் கைக்குழந்தையோடு நானும் போனேன். பதில்களை நானே தயாரித்து, பஸ்ஸில் ஒப்பிக்க வைத்தேன். வழியில் குழந்தை அவருடைய வெள்ளைச் சட்டையில் பால் கக்கிவிட்டது. அந்தக் கறையாலும் பதவி கைநழுவியிருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. காப்பீட்டில் என்ன அனுபவம் என்று உள்ளே இருந்த மூன்று பேர் கேட்டார்களாம். ஒப்பித்ததையெல்லாம் விட்டுவிட்டு, "ஏமாந்த அனுபவம் இருக்குதுங்க" என்றாராம் அப்பா. வெளியே வந்தவர், "மூணு பேரும் எழுந்து கும்பிட்டாங்கம்மா. மூணு ஓட்டும் நமக்குத்தான்" என்றார்.

வேறொருவரை நியமித்தார்கள். மறுநாள் அப்பா ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, "ஆதரவு தந்த அனைவருக்கும் நன்றி" என்று தெருத் தெருவாகப் போனார். தோற்றவர் நன்றி சொல்லி எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஆகவே அவர் ஜெயித்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். சாயங்காலத்துக்குள் வீட்டில் சால்வைகள் குவிந்துவிட்டன. "நான் ஜெயிக்கலங்க" என்று அப்பா சொல்லச் சொல்ல, "பெரிய பதவிக்கு வந்தவங்க இப்பிடித்தான் அடக்கமா பேசுவாங்க" என்று காதர் பாய் வந்தவர்களுக்கு விளக்கம் கொடுத்தார்.

அடுத்த வாரமே கிளை அலுவலகம் சந்திரா அக்காவைக் கூப்பிட்டு, மருத்துவச் சான்றுகளை வாங்கி, கிளைமை மறுபடி பரிசீலிப்பதாகச் சொன்னது. தெருவே சந்தோஷப்பட்டது. அப்பாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் கிளைம் நின்றுவிடலாம். சொல்லாவிட்டால் அது பொய்யால் வந்த பணமாகிவிடும்.

"வாயத் தொறக்காதீங்க. அந்தப் பொண்ணு வூடு தப்பிக்கட்டும்" என்றார் அம்மா.

விவரம் சொல்ல வந்து அங்கேயே நின்றிருந்த சந்திரா அக்கா குறுக்கிட்டார். "போய்ச் சொல்லிடுங்கண்ணே. நாளைக்குத் தெரிஞ்சா உங்களத்தான் தப்பாப் பேசுவாங்க. வூடு போனா போவுது" என்றார்.

கிளை அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். "சார், அந்தக் குழுவுல நான் இல்லைங்க. தோத்துட்டேன்" என்றார் அப்பா.

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியும் சார். பேப்பர்ல வந்துச்சே."

"அப்பறம் எப்பிடிங்க கிளைமை எடுத்தீங்க?"

"ஜெயிச்சவரு சென்னையில இருக்காரு. நீங்க மைக்கோட பக்கத்துத் தெருவுல இருக்கீங்க. நான் யாருக்கு சார் பயப்படணும்?" என்று சிரித்தார். பிறகு, சான்றுகள் சரியாக இருப்பதால் மேலிடத்துக்குப் பரிந்துரை போய்விட்டது என்று விவரமாக, தமிழிலேயே சொன்னார். பணம் வந்தது. சந்திரா அக்கா இன்றும் எதிர் வீட்டில்தான் இருக்கிறார்.

அதற்குப் பிறகு, படித்துச் சொல்லும்படி பாலிசியோடு ஆட்கள் வீட்டுக்கு வருவது நிற்கவே இல்லை. கடைசி நாட்களில் அப்பாவின் கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது, நர்ஸ் ஒருவர் தயங்கித் தயங்கித் தம் தந்தையின் பாலிசியைக் காட்டினார். அப்பா என்னிடம் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். அவர் கடைசியாகப் படித்தது அதுதான்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும், பந்தல் முதல் காரியம் வரை முன்னின்ற காதர் பாய்க்கும், என் குழந்தையைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட சந்திரா அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும்.

அம்மாவுக்கும் ஒரு நன்றி உண்டு. போன வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் கையில் ஒரு பையோடு வந்து, "இன்சூரன்ஸ் ஆபீசர் வூடு இதுதானுங்களா?" என்று கேட்டார். அப்பா ஆபீசர் இல்லை என்பதை முதலில் சொல்வதா, அப்பாவே இல்லை என்பதைச் சொல்வதா என்று தெரியாமல் நான் வாசலில் விழித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இதுதாங்க. வெயில்ல நிக்காம உள்ள வாங்க. பொண்ணு படிச்சிச் சொல்லும்."