ஜெபம் வராத போதகர்

சென்ற மாதம் ஒரு காலையில், புனேயை அடுத்த சிஞ்ச்வட்டில் ஞானதாஸ் போதகர் குடியிருந்த அடுக்ககத்தின் காவலாளி எனக்குத் தொலைபேசியில் பேசினார். "பாஸ்டர் சாஹேப் கேலே" என்றார். போய்விட்டார் என்பதற்கு மராத்தியில் அவ்வளவுதான். பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்ததைப் பார்த்துக் கதவைத் திறந்திருக்கிறார்கள். ஞானதாஸ் மனைவியை இளம் வயதிலேயே இழந்தவர். பிள்ளைகள் இல்லை. செய்தி சொல்ல அந்த வீட்டில் வேறு யாரும் இருக்கவில்லை.

புனேயின் தமிழ்ச் சபைகளில் அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய உரத்த பாட்டும் சிரிப்பும் நினைவிருக்கும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஜெபிக்க முடியாமல் அவர் கழித்த ஆண்டுகள் உங்களுக்குத் தெரிந்திருக்காது. "நான் போன பொறவு வேணும்னா எழுதும் வே" என்று சொல்லியிருந்தார். அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூற்று மூன்றில் லாத்தூர்ப் பக்கம் பூமி அதிர்ந்தபோது, அப்போது புனே கண்டோன்மென்ட் சபையின் போதகராக இருந்த நானும், சிஞ்ச்வட் சபையின் போதகரான அவரும் கம்பளிகளோடு போனோம். விநாயகரைக் கரைத்துவிட்டு வந்து படுத்த ஊர்கள் விடிவதற்குள் கற்குவியலாகியிருந்தன. தன் வீடு இருந்த இடத்தில் ஒரு பெண் தனியாகக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களோடு வந்த ஒருவர், எல்லாம் கடவுள் சித்தம் என்று ஆறுதல் சொல்லத் தொடங்கினார். அவள் ஞானதாஸின் கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பார்த்து மராத்தியில் கேட்டாள்: "என் பிள்ளைங்க தூங்கிட்டிருந்தாங்க. உங்க சாமி அப்ப முழிச்சிருந்தாரா?"

"தெரியலம்மா" என்றார் ஞானதாஸ், அவள் மொழியிலேயே. பிறகு அவள் பக்கத்தில் குனிந்து, பொழுது சாயும்வரை கல்லை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

புனே திரும்பிய சில வாரங்களில் என்னைத் தேடி வந்தார். "எனக்கு ஜெபம் வரமாட்டேங்கு வே. கோவில்ல புத்தகத்தப் பாத்து வாசிச்சிருதேன். தனியா முழங்கால் போட்டா அந்தப் பொம்பளை முகம்தான் வருது. நீரு ஜெபியும். நான் ஆமென் சொல்லுதேன்."

அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் லோக்கல் ரயில் பிடித்து சிஞ்ச்வட் போவேன். நான் ஜெபிப்பேன், அவர் ஆமென் சொல்வார். "இன்னைக்கு அதுவும் வரல" என்று தலையை ஆட்டிய நாள்களும் உண்டு. அப்போது தேநீர் மட்டும் குடிப்போம். நான் தெருமுனை திரும்பும்வரை பால்கனியில் நின்றுகொண்டிருப்பார்.

பிறகு ஏன் ஊழியத்தில் இருக்கிறீர் என்று ஒருமுறை கேட்டேன். "அந்தப் பக்கம் ஆள் இல்லன்னு நான் நெனைக்கல வே. இருக்காரு. பேச்சுவார்த்தைதான் இல்ல. பேசிக்கிடாத வீட்டுலயும் சனங்க குடும்பம் நடத்தத்தான செய்யுதாங்க?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆண்டுகள் போயின. சுனாமி வந்தது. மறுபடியும் இருவரும் கிளம்பி நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊருக்குப் போனோம். அங்கிருந்த போதகர் டேனியல், முப்பதைத் தாண்டாதவர். சபையாரை அடக்கம் செய்த அதே வாரத்தில் தன் மனைவியையும் அடக்கம் செய்திருந்தார். பகலெல்லாம் அரிசி பங்கிட்டவர், மாலையில் கோவிலின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாருக்கும் ஜெபிச்சேன் ஐயா" என்றார் எங்களிடம். "என் வீட்டம்மாவுக்குன்னு வாய் தொறக்க மாட்டேங்குது."

வழக்கம்போல நான்தான் ஜெபிக்க வேண்டியிருக்கும் என்று முன்னால் போனேன். ஞானதாஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தொறக்க வேண்டாம் தம்பி. நீங்க சும்மா இருங்க. நான் ஜெபிக்கேன்."

மணலில் முழங்காலிட்டார். பிறகு சொன்னார்: "ஆண்டவரே, இந்தத் தம்பி களைச்சிப் போயிருக்காரு. நானும் களைச்சிப் போயிருக்கேன். நீர் இங்க இருக்கீருன்னு நம்பித்தான் பேசுதேன். எங்கள விட்டுராதேயும்." அவ்வளவுதான். டேனியல் வாய்விட்டு அழுதார். மறுநாள் காலையில் எழுந்து கோவில் மணியை அடித்தார். தார்ப்பாய்க் கொட்டகைகளிலிருந்து சனங்கள் வந்தார்கள்.

திரும்பும் ரயிலில் ஞானதாஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "பதில் ஒண்ணும் கெடைக்கல வே" என்றார். "ஆனா கூப்பிட முடியுது." அதன்பின் திங்கட்கிழமைகளில் ஒரு வாரம் நான் ஜெபித்தால் மறு வாரம் அவர் ஜெபித்தார். ஒவ்வொரு முறையும் டேனியலின் பெயரைச் சொல்லாமல் முடித்ததில்லை.

சென்ற மாதம் ஞானதாஸின் அடக்கத்துக்கு டேனியல் ரயிலேறி வந்து சேர்ந்தார். ஆராதனையை அவரே நடத்தினார். எல்லோரும் கலைந்த பிறகு கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம்.

"எனக்குன்னு ஜெபிக்க அவர் ஒருத்தர் இருக்கார்னு நெனச்சுப்பேன். உங்களுக்கும் அப்படித்தானே? இனிமே நமக்கு யாருங்க ஐயா?" என்று கேட்டார் டேனியல்.

ஆறுதலாகச் சொல்ல வசனங்கள் என் நாக்கில் இருந்தன. அவற்றைச் சொல்லாமல், "தெரியல தம்பி" என்றேன். சொல்லிவிட்டு, கிளம்பிப் போகாமல் கூடவே இருந்தேன். ஞானதாஸிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அது மட்டும்தான். இருட்டும்வரை அவர் கல்லறையின் ஈர மண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.