ஆளில்லாத தாய்வீடு

காலை பத்து நாற்பத்திரண்டு. மகளின் முதல் அழைப்பு என் கைத்தொலைபேசியில் அந்த நேரத்தில்தான் பதிவாகியிருக்கிறது. இன்னும் அதை அழிக்கவில்லை. அப்போது நான் வீட்டிலிருந்து இரண்டு ஆறுகள் தள்ளி, லொங்குய்யில், அலுவலகக் கூட்ட அறையில், தொலைபேசியின் சத்தத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். மகள் லவாலில், எங்கள் வீட்டுக் குளியலறைத் தரையில் கிடந்தாள். மேல்மாடியில் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

குழந்தை பிறந்து இரண்டு கிழமைகூட ஆகியிருக்கவில்லை. தலைப்பிள்ளை என்றால் தாய்வீடு. முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்குக் கழித்த பிறகுதான் தாயையும் பிள்ளையையும் புருஷன் வீட்டுக்கு அனுப்புவது. எங்கள் ஆட்களின் வழக்கம் அது. அந்த முப்பத்தொரு நாளும் அவள் என்னோடு இருக்க வேண்டும் என்று கலியாணம் முடிந்த நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருமகன் பிலிப்பினோ. நகருக்குள்ளே கோட்-டே-நேஜில் ஒரு டூப்ளெக்ஸில் மேலும் கீழுமாக ஒன்பது பேர் இருக்கிறார்கள்: மருமகனின் தாய் தகப்பன், தகப்பனின் தமக்கை, மருமகனின் தம்பியும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், அதற்குள் என் மகளும் மருமகனும். கலியாணத்துக்கு முன்பே மகளுக்குச் சொன்னேன்.

"பிள்ளை, உது வீடில்லை, சந்தை. நிம்மதியா ஒரு நித்திரை கொள்ள ஏலாது."

"அம்மா, எனக்கு இஞ்சைதான் நித்திரை வாறேல்லை. ஃப்ரிஜ் உறுமுறதுகூடக் கேக்குது."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அந்தத் தமக்கைதான் கேட்டார். அந்த வீட்டில் எல்லோரும் அவரைத் 'தீத்தா' என்பார்கள்; மாமி மாதிரி ஒரு முறை. முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்கிறவர். "எங்கள் வீட்டில் எந்த நேரமும் யாராவது ஒருத்தர் விழித்திருப்போம். அவள் அங்கேயே இருக்கட்டுமே?" என்றார் ஆங்கிலத்தில். இது எங்கள் வழக்கம் என்றேன். வழக்கம் என்றதும் மறுபேச்சில்லை. சம்பந்தி தன் கையாலேயே பைகளைத் தூக்கி எங்கள் காரில் வைத்தார்.

எல்லாம் ஆயத்தமாகத்தான் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைக்கிற சரக்குத்தூள் இடித்து வைத்திருந்தேன். பால் சுரக்கச் சுறா வாங்கி உறைய வைத்திருந்தேன். நான் லீவு, லீவு முடியும்போது டொரொண்டோவிலிருந்து அக்கா வந்துவிடுவாள். "நீ ஒண்டுக்கும் யோசியாதை. நான் வந்து நிண்டு பாப்பன்," என்றிருந்தாள். பிறகு அவளுக்கு முழங்கால் நோ. அதற்குப் பிறகு பேத்தியின் நடன அரங்கேற்றம். பிறகு நெடுஞ்சாலையில் பனி. என் கணவர் லொறி ஓட்டுகிறவர். அந்தக் கிழமை வினிப்பெக்குக்கும் அப்பால் நின்றார். மருமகன் பகலில் வேலைக்குப் போய் இரவில் வந்துபோவார்.

என் அம்மா வீட்டில் அக்கா பிள்ளை பெற்றபோது தண்ணீர் கொதிக்கவைக்க ஒருத்தி, பிள்ளையை ஏந்த ஒருத்தி, கடைக்கு ஓட இருவர், சும்மா கதைத்துக்கொண்டிருக்க நாலு பேர் என்றிருந்தோம். தாய்வீடு என்பது அந்த ஆட்கள்தான். நான் இங்கே கொண்டுவந்தது நாள்கணக்கையும் சரக்குத்தூளையும் மட்டும்.

அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள், ஒரேயொரு கூட்டம், அரைநாள் போதும் என்று.

"மத்தியானத்துக்குள்ளை வந்திடுவன். கதவைப் பூட்டிட்டுப் போறன். ஆர் மணி அடிச்சாலும் திறக்காதை," என்றேன்.

"போங்கோ அம்மா, நான் என்ன சின்னப்பிள்ளையே?"

நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகத்தான் கேட்டறிந்தேன். பால் கொடுத்துவிட்டுக் கீழே குளியலறைக்கு வந்தவளுக்கு இரத்தம் கொட்டியிருக்கிறது. தலைசுற்றித் தரையில் இருந்துவிட்டாள். என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். நான் எடுக்கவில்லை. பிறகு அந்த வீட்டுக்கு எடுத்தாள். இரவு வேலை முடித்து வந்து அப்போதுதான் படுக்கையில் சரிந்த தீத்தா முதல் மணியிலேயே எடுத்தார். தம்பியின் மனைவி இன்னொரு தொலைபேசியில் அம்புலன்ஸுக்குச் சொன்னாள். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் தீத்தாவையும் ஏற்றிக்கொண்டு காரில் புறப்பட்டுவிட்டார்கள். மகள் மயங்கிவிடாமலிருக்க தீத்தா கதைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். "பிள்ளைக்கு இன்றைக்கு என்ன நிறச் சட்டை போட்டாய்? தொப்பியும் அதே நிறமா? யார் வாங்கித் தந்தது, நானா?" அம்புலன்ஸ்காரர் வந்து கதவைத் தட்டியபோது, நான் திறக்காதே என்று சொல்லிப்போன கதவைத் திறக்க என் பிள்ளை நடைவழி முழுக்கத் தவழ்ந்து வந்தாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வெளியே தீத்தாவின் மார்பில் குழந்தை நித்திரை. மனிசி இன்னும் வேலைச் சட்டையோடு இருந்தார். "எங்கே போயிருந்தாய்?" என்று அவர்களில் ஒருவராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. தீத்தா நகர்ந்து இடம் தந்தார். "ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார். இன்றுவரைக்கும் அந்தக் கேள்வியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மகள் தப்பிவிட்டாள். வீட்டுக்குப் போகலாம் என்று வைத்தியர் சொன்ன அன்று நான் அவளுடைய உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நான் அங்கை போறன்."

"முப்பத்தொண்டு முடியேல்லை, பிள்ளை."

"தெரியும்."

"நான் வேலையை விட்டிட்டு நிக்கிறன்."

"நீங்கள் ஒரு ஆள் அம்மா. நீங்கள் குளிக்கப் போனாலே நான் தனி." பிறகு மெதுவாகச் சொன்னாள், "அங்கை ஆக்கள் இருக்கினம்."

வேலை முடிந்து மெட்ரோவில் அங்கே போய்வரத் தொடங்கினேன். போன முதல் நாளே சுறாக்கறி கொண்டுபோனேன். அடுப்பில் ஏற்கெனவே கோழிச் சூப் கொதித்தது, அதற்குள் முருங்கையிலை. அவர்களுக்கும் அதுதான் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கிற மருந்தாம். என் கறிக்கு அங்கே வேலையில்லை. "வையுங்கள், எங்களுக்கு வேண்டும்," என்று சொல்லி சம்பந்தி உறைக்க உறைக்கச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, நிறுத்தவில்லை. குழந்தை கைமாறிக்கொண்டே இருந்தது. இரண்டு பிள்ளைகள் டயப்பர் கொண்டுவரப் போட்டிபோட்டார்கள். நான் எழும்பினால் தீத்தா கத்துவார்: "இருங்கள்! இந்த வீட்டில் எழும்பி நின்றால் வேலை தந்துவிடுவோம்."

எனக்கு ஒரு வேலையும் தரவில்லை.

தம்பியின் மனைவி மட்டும் ஒருநாள் சமையலறையில் என் காதோடு சொன்னாள்: "காலையில் குளியலறைக்கு வரிசை. புருஷனோடு சண்டை பிடிக்கக்கூட ஓர் அறையில்லை. உங்கள் வீடு மாதிரி ஒன்று கிடைத்தால் நாளைக்கே போய்விடுவேன்." அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதே கையோடு திரும்பிக் குழந்தையை வாங்கி, தோளில் போட்டு, தட்டத் தொடங்கினாள். அவளுடைய முறை வந்திருந்தது. மகள் அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவ்வளவு சத்தத்துக்குள்ளும் வாயைத் திறந்தபடி நித்திரை.

துடக்குக் கழிவும் அங்கேயே நடக்கட்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். அன்று காலை பலகாரப் பெட்டியோடு நான் வெளிக்கிட்டபோது லவால் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அக்கா. பட்டுச்சேலை, கையில் குழந்தைக்குக் கட்டுகிற பஞ்சாயுதப் பதக்கத்தின் பெட்டி. நடந்ததொன்றையும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவளும் இடையில் எடுத்துக் கேட்டிருக்கவில்லை.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மேலே கீழே எல்லாம் எட்டிப்பார்த்தாள்.

"என்னடி, இவ்வளவு பெரிய வீட்டிலை ஒரு குஞ்சு குருமானையும் காணேல்லை? பிள்ளையைப் பாத்துத் தாறன் எண்டு இரண்டு நாள் நிக்கவெல்லோ வந்தனான்!"