வேணாம் அக்கா

அந்த அம்மாள் சைக்கிளின் கழுத்தில் காதை வைத்துக் கேட்பார், அது இதுவரை எத்தனை பேரைக் கீழே தள்ளியிருக்கிறது என்று எண்ணிக்கையோடு சொல்லிவிடுவார் என்று முடிதிருத்துபவர் மருந்துக்கடைக்காரரிடம் சொன்னார். முடிதிருத்துபவருக்கு அதைச் சொன்னவர் தபால்காரர். தபால்காரரின் மைத்துனர் கண்ணால் பார்த்தாராம். கத்தரிக்கோல் காதருகே இருந்ததால் மருந்துக்கடைக்காரரால் சிரிக்கவும் முடியவில்லை, நம்பாமல் தலையை ஆட்டவும் முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை, ரயில் பாதையோரத்துக் கிடங்கின் பின்முற்றத்தில் மருந்துக்கடைக்காரர் போய் நின்றபோது, அந்த அம்மாள் குந்தி உட்கார்ந்து ஒரு சைக்கிள் ஃபிரேமைச் சுண்டிக்கொண்டிருந்தார். காதை எதிலும் வைக்கவில்லை. வலதுகை ஆள்காட்டி விரல் நகத்தால் ஒரு சுண்டு. குழாய் ‘டிங்’ என்றது. நாலு விரற்கடை தள்ளி இன்னொரு சுண்டு. ‘டொக்’.

“வேணாம்” என்றார்.

ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த தாடிக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று. “அக்கா, இன்னொரு தடவை தட்டிப் பாருங்களேன்.”

“நூறு தடவை தட்டுனாலும் விரிசல் விரிசல்தாம்ப்பா. கெஞ்சினா ஒட்டிக்குமா?”

அந்த வட்டாரத்தில் அவருக்கு வேணாம் அக்கா என்றுதான் பெயர். பழைய ஸ்டீல் ஃபிரேமை வாங்கிப் புதிதாகச் சைக்கிள் கட்ட நினைக்கிற யாரும் அவரிடம் காட்டாமல் வாங்குவதில்லை. பார்த்துச் சொல்வதற்கு ஒரு டீ போதும், அதிலும் சர்க்கரை வேணாம். ஒன்பது வருஷத்தில் அவர் சரி என்று சொன்னது பதினான்கே பதினான்கு ஃபிரேம்களை.

வார நாட்களில் அவருக்குப் பீங்கான் தொழிற்சாலையில் வேலை. பெல்ட்டில் தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, சுண்டி, கேட்டு, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வைக்க வேண்டும். “நல்ல தட்டு பாடும். விரிசல் விட்ட தட்டு இருமும். அவ்வளவுதான் என் படிப்பு” என்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரே நகம். மற்ற ஒன்பதையும் ஒட்ட வெட்டிவிட்டு அதை மட்டும் வளர்த்து, தேய்த்து, எண்ணெய் தடவி வைத்திருக்கிறார். வீட்டில் பாத்திரம் துலக்கும்போது அதற்கு ஒரு ரப்பர் தொப்பி. பேருந்தில் கூட்டம் இருந்தால் அந்தக் கை கோட்டுப் பைக்குள் போய்விடும். “இது ஒடைஞ்சா ரெண்டு மாசம் என்னை பேக்கிங்குக்கு அனுப்பிடுவாங்க. புருஷன் கோவிச்சுட்டுப் போனாக்கூட சமாளிச்சுக்கலாம்.”

மருந்துக்கடைக்காரர் துணிச்சலுக்குப் பெயர் போனவர் அல்ல. நாற்பத்து நான்கு வயதில், கடைவாசலில் ஒரு சைக்கிள் பிரேக் ஒயர் இல்லாமல், கியர் இல்லாமல், வெறும் கோடு போட்ட படம் மாதிரி வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போயிற்று. “மாத்திரை டப்பாவுக்குள்ள வர்ற காகிதத்தை முழுசா படிக்கிற ஆளு நீங்க. உங்களுக்கு பிரேக் இல்லாத வண்டி கேக்குதா?” என்றார் மனைவி.

“ஃபிக்ஸட் கியரா?” வேணாம் அக்காவும் இவரை மேலும் கீழும் பார்த்தார். “என்னன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா? சக்கரம் சுத்துற வரைக்கும் காலும் சுத்தணும். எறக்கத்துல காலை நிறுத்திட்டு ஜம்முனு உக்காந்துட்டு வரலாம்னு நினைச்சீங்க, தூக்கி வீசிடும்.”

“படிச்சேன் அக்கா.”

“முன் பிரேக் ஒண்ணாவது மாட்டுவீங்களா?”

“ரெண்டு மாட்டலாம்னு இருக்கேன்.”

அவர் அப்போதுதான் சிரித்தார். “நீங்க பொழைச்சுக்குவீங்க. வாங்க மருந்துக்கடை.”

முற்றத்துக்குச் சொந்தக்காரரை எல்லாரும் லாட்காரர் என்பார்கள். கேட்பாரற்ற சைக்கிள்களை ஏலத்தில் மொத்தமாக எடுத்து, கழற்றி, கம்பியில் வரிசையாகக் கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருந்தார். வேணாம் அக்கா தம் எவர்சில்வர் டிபன் டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரு நூல்கண்டு, ஒரு காந்தம், விரல்நீள டார்ச், சிவப்பு நகப்பாலிஷ் குப்பி. இவர் காட்டிய முதல் ஃபிரேமில் பின்சக்கரம் உட்காரும் பள்ளம் செங்குத்தாக இருந்தது. சக்கரத்தை முன்னே பின்னே நகர்த்தி செயினை இறுக்க வழியில்லை. வேணாம். இரண்டாவதில் காந்தத்தை வைத்தார். ஒட்டாமல் பொத்தென்று கீழே விழுந்தது. “நசுங்கின இடத்துக்கு மேல மாவு பூசி பெயிண்ட் அடிச்சிருக்கார் நம்ம லாட்டு.” லாட்காரர் வானத்தைப் பார்த்தார். மூன்றாவது, நூல் பிடித்துப் பார்த்ததில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான்காவதை ஒரே சுண்டில் ஒதுக்கினார்.

“ஏன் அக்கா?”

“இருமுச்சே, கேக்கல?”

இவருக்கு அது ஒழுங்காகப் பாடியதாகத்தான் பட்டது. டீ வந்தது. “நீங்க எந்த வண்டி வெச்சிருக்கீங்க?” என்று அக்காவிடம் கேட்டார்.

“எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.”

டீ இவருக்குப் புரையேறிற்று. லாட்காரர் முதுகில் தட்டினார். “எல்லாரும் இந்த இடத்துலதான் சார் இருமுவாங்க.”

“எல்லாம் என் தம்பி இழுத்துவிட்டது” என்றார் வேணாம் அக்கா. “ஒன்பது வருஷம் முன்னாடி ஒரு ஃபிரேமைத் தூக்கிட்டு வந்து சமையல் ரூம்ல வெச்சான். ‘அக்கா, அழகா இருக்குல்ல?’ சும்மா ஒரு சுண்டு சுண்டினேன். இருமுச்சு. வேணாம்னேன். அப்புறம் நாலு வாரம் கடை கடையா என்னை இழுத்துட்டு அலைஞ்சான். அஞ்சாவது வாரம் ஒண்ணு பாடுச்சு. நான் முதல்ல சரின்னது அதைத்தான்.”

“நகப்பாலிஷ் எதுக்கு?”

“ஒருத்தர் நான் சரின்ன ஃபிரேமை வித்துட்டு, வேற எதையோ கொண்டாந்து, நீங்க சொன்னதுதான் ஒடைஞ்சு போச்சுன்னு சண்டைக்கு நின்னார். அதுலேருந்து சரின்னா சீட் குழாய்க்குள்ள ஒரு பொட்டு வெச்சுடுவேன். வெளிய யார் என்ன பெயிண்ட் அடிச்சாலும் உள்ள அடிக்க மாட்டாங்கல்ல? இதைக் கேள்விப்பட்டு தம்பியும் வண்டியைத் தூக்கிட்டு வந்துட்டான். ஊராருக்கும் ஒண்ணு, கூடப்பொறந்தவனுக்கும் ஒண்ணுதானான்னு ஒரே ரகளை. அவனுக்கு மட்டும் ரெண்டு வெச்சேன்.”

“இப்ப எங்க இருக்கார்?”

அவர் டீயை ஆற்றினார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

“ஆறு மணி நேர ரயில். பள்ளிக்கூட லேப்ல வேலை. தனியா இருக்கான். நாங்க பேசறதில்ல. பிரேக்கை கழட்டிப் போட்டுட்டான். வண்டி அழகு கெட்டுப்போகுதாம். திரும்ப மாட்டி போட்டோ அனுப்பு, அதுவரைக்கும் எனக்கு போன் பண்ணாதேன்னுட்டேன். துரை பண்ணல. ஞாயித்துக்கிழமை குடும்ப குரூப்ல ஒரு கட்டைவிரல் மட்டும் வரும். ஏழு வாரமா அதுவும் இல்ல. கோவம் முத்திடுச்சு போல.”

“அம்மா கேக்க மாட்டாங்களா?”

“தினம் கேக்குது. நல்லா இருக்கான்மா, வேலை ஜாஸ்தின்னு நான்தான் சொல்லிட்டிருக்கேன்.”

ஏழு வாரம் என்பது மருந்துக்கடைக்காரருக்கு உறுத்திற்று. இரத்த அழுத்த மாத்திரைக்காரர் ஒரு வாரம் தாமதித்தாலே வீட்டுக்குப் போன் போட்டு விசாரிக்கிற ஆள் இவர். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கண் அந்தக் கறுப்பு ஃபிரேமின் மேல் விழுந்துவிட்டது.

கம்பியின் கடைசியில் தொங்கியது. மெல்லிய குழாய்கள். குழாயும் குழாயும் சேருகிற இடங்களில் பூவிதழ் போல வெட்டிய இணைப்புகள். பின்பள்ளங்கள் கிடைமட்டமாக, நீளமாக இருந்தன. இவர் நேரே அதன் அடியில் போய் நின்றார். “அக்கா, இதுதான்.”

“கண்ணு இருக்கு உங்களுக்கு. என் தம்பியோடதும் இதே கம்பெனிதான். அது வான நீலம்.” கொக்கியிலிருந்து இறக்கிச் சுண்டினார். ‘டிங்’. ஒவ்வொரு குழாயும் பாடிற்று. காந்தம் கப்பென்று ஒட்டியது. நூல் பிடித்தார். இம்மி பிசகவில்லை. லாட்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசியாக, இடதுகை மோதிர விரலைக் கீழ்க்குழாயின் அடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை நோக்கி மெல்ல நகர்த்தினார். கழுத்துக்கு இரண்டு விரற்கடை முன்னால் விரல் நின்றது.

“இங்க தொடுங்க.”

தொட்டார். இஸ்திரி போட்டும் போகாத மடிப்பு மாதிரி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னச் சுருக்கம்.

“நேரா போய் எதுலயோ முட்டியிருக்கு. சக்கரம் நின்னுடுச்சு, வண்டி நிக்கல. குழாய் மடங்கிடுச்சு.” அவர் சிரித்தார். “ஓட்டுன மகராசன் ஹேண்டிலுக்கு மேலேயே பறந்திருப்பான். பிரேக் இருந்திருக்காது. என் தம்பி மாதிரி எவனோ ஒரு அழகன்.”

லாட்காரரும் சிரித்தார். மருந்துக்கடைக்காரரும் சிரித்தார்.

“வேணாம்.”

“அக்கா, உள்ளேயும் ஒருதரம் பாத்துடுங்களேன். துரு இல்லைன்னா சுவத்துல மாட்டியாவது வெச்சுக்கறேன்.”

“உள்ள என்ன, புதையலா இருக்கப்போகுது?” என்றபடி டார்ச்சை எடுத்து, சீட் குழாயின் வாயில் ஒரு கண்ணை வைத்தார்.

வைத்த கண்ணை எடுக்கவில்லை. டார்ச்சை அணைத்தார். மறுபடி போட்டார். பிறகு குழாயை இவர் பக்கம் திருப்பினார், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்பதுபோல. இவர் குனிந்து பார்த்தார். பழுப்பேறிய உட்சுவரில், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, சிவப்பாக ஒரு பொட்டு. அதன் பக்கத்திலேயே ஒட்டினாற்போல் இன்னொன்று.

முற்றத்தின் மறுகோடியில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

“லாட்டு.” அவர் குரல் ஒடுங்கிப்போயிருந்தது. “இது எங்கேருந்து வந்துச்சு?”

“போன வார ஏலம்க்கா. ஸ்டேஷன் வாசல், ஆஸ்பத்திரி வாசல், போலீஸ்காரங்க எடுத்து வெச்சதுன்னு எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிப் போடுவாங்க. எது எங்கேருந்துன்னு எப்படிச் சொல்றது?”

“எந்த ஊரு?”

லாட்காரர் ஊரைச் சொன்னார். ஆறு மணி நேரம் ரயில் போகிற ஊர்.

“என்ன கலர்ல இருந்துச்சு?”

“நீலம். கறுப்புன்னா சட்டுனு போகும்னு நான்தான்...” லாட்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“முன்சக்கர ஃபோர்க்கு எங்க?”

“கோணிக்கிட்டு கிடந்துச்சுக்கா. பழைய இரும்புல போட்டுட்டேன்.”

மருந்துக்கடைக்காரருக்குச் சற்றுமுன் சிரித்தது வாயில் கசந்தது. “வித்திருப்பார் அக்கா. இந்தக் காலத்துல யாரு ஒரே வண்டியை ஒன்பது வருஷம்...”

“வித்திருந்தா என்னை வெறுப்பேத்தவாவது புது வண்டி போட்டோ அனுப்பியிருப்பான்.”

போனை வலது பையில் தேடினார், இடது பையில் தேடினார். அது டிபன் டப்பாவின் பக்கத்தில் கிடந்தது. இவர்தான் எடுத்துக் கொடுத்தார். திரையில் தம்பியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பிரேக் மாட்டாதவன்’ என்று இருந்தது. அழுத்தினார். மணி போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தானாக அறுந்தது. இரண்டாம் தடவை அழுத்தினார்.

“ரிங் போகுதுல்ல அக்கா?” என்றார் இவர் அவசரமாக. “ரிங் போகுதுன்னா சார்ஜ் இருக்கு. சார்ஜ் இருக்குன்னா யாரோ போட்டிருக்காங்க. அவரேதான் போட்டிருப்பார்.” மருந்து வாங்க வருகிறவர்களுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னார். அந்தக் குரலை அவரே நம்பவில்லை.

வேணாம் அக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஃபிரேமை இழுத்து மடியில் போட்டார். இடதுகை மோதிர விரல் அந்தச் சுருக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கேயே நின்றது. வலதுகை நகத்தால் அதன்மேல் இருந்த கறுப்பைச் சுரண்டத் தொடங்கினார். பெயிண்ட் புதிது. பொருக்குப் பொருக்காக வந்தது. ஒரு அரிசி அளவு நீலம் தெரிந்தது. பிறகு ஒரு நாணய அளவு.

“அக்கா, நகம்” என்றார் லாட்காரர்.

மணி போய்க்கொண்டிருந்தது. நகம் நுனியில் மடங்கி, அடிவரை பிளந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த நகத்தால் இன்னும் வேகமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார்.